முள்ளங்கியை அளந்த வகுப்பு

ஆசிரியர் கூட்டத்தில் கணக்கு சார் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அந்த இடம் எத்தன சதுர அடி மேடம்?"

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், சமையலறைக்கும் மதில் சுவருக்கும் நடுவே கிடந்த காலி இடத்தில் சிமெண்டுக் கல் பதித்து, ஆசிரியர்களின் வண்டிகள் நிற்கக் கூரையும் போட்டுவிடலாம் என்று தலைமையாசிரியை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார். எல்லோருக்கும் ஏக சந்தோஷம். வெயிலில் நின்று நின்று சீட் வெடித்துப்போன வண்டிகள் அவர்களுடையவை. கணக்கு சாருக்கும் ஆட்சேபம் ஒன்றும் கிடையாது. அவர் பஸ்ஸில் வருகிறவர். யாராவது ஓர் இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதன் பரப்பளவு தெரியாமல் அவரால் மேற்கொண்டு காது கொடுக்க முடியாது, அவ்வளவுதான். ஆனால் தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "ஏன் சார், வேற ஏதாவது யோசன வச்சிருக்கீங்களா?" அறையில் இருந்த அத்தனை தலையும் அவர் பக்கம் திரும்பியது.

சும்மாதான் கேட்டேன் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். பேசாமல் இருப்பது அசட்டுத்தனம், சும்மா கேட்டேன் என்பது அதைவிட அசட்டுத்தனம் என்று அந்த ஒரு நொடியில் அவருக்குத் தோன்றிவிட்டது. பிரசவ விடுப்பில் போயிருந்த சயின்ஸ் டீச்சர், பிள்ளைகளை வைத்து அங்கே காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது சமயத்தில் ஞாபகம் வந்தது. அதை எடுத்துவிட்டார். ஆசைப்பட்டவர் வீட்டில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தார். வாய் திறந்தவர் தலையில் தோட்டத்தைக் கட்டினார்கள்.

தலைமையாசிரியை கல்நெஞ்சுக்காரி இல்லை. பேச்சை நம்பாதவர், கண்ணால் கண்டதை நம்புகிறவர். அன்றைக்கே கறாராகச் சொன்னார்: "கல்லுக்குச் சொல்லியாச்சு சார். பரீட்சைக்கு முந்தின வாரம் லோடு வந்துரும். அதுக்குள்ள ஒரே ஒரு நாள், நம்ம பிள்ளைங்க அத்தன பேருக்கும் அந்தத் தோட்டத்துக் காயில ஆளுக்கு ஒரு டம்ளர் சூப் குடுத்துக் காட்டுங்க. அப்புறம் பேசுவோம்."

இதைச் சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அவர் மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜன்னலோரம் அவர்கள் வைத்திருந்த ஒரே ஒரு பூந்தொட்டிக்கு இவர் மருந்து ஊற்றும் மூடியால் நாள் தவறாமல் தண்ணீர் அளந்து ஊற்றி, அது அளவாக வாடி, அளவாகச் செத்துப்போயிருந்தது. "பிள்ளைங்க கையில விட்டுருங்க, நீங்க மட்டும் கை வைக்காதீங்க. அப்பதான் ஏதாவது மொளைக்கும்" என்றாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கும் உள்ளூர அதே அபிப்பிராயம்தான்.

அஞ்சாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்தார். கயிறு கட்டி, முளை அடித்து, பாத்தி பிரித்தார்கள். பாத்திகளின் ஓரம் நேர்கோட்டில் இருந்த அழகைப் பார்த்துவிட்டுச் சமையலக்கா, இதில் காய் விளைகிறதோ இல்லையோ, கோலி விளையாடலாம் என்றாள். பள்ளிக்கூடத்துக்கே சமைக்கிறவள் அவள். தன் சமையலறை வாசலுக்கு மண் வந்துவிடக் கூடாது என்பது அவளுடைய முதல் கவலை. மதிலோரம் பந்தல் போட்டு அவரை. நடுவில் தக்காளி, கீரை. சமையலறை மூலைக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் மறைவாக, முள்ளங்கி. சூப்புக்குக் கனம் சேர்க்கப் போவது முள்ளங்கிதான் என்று சமையலக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டதால் அதற்குத்தான் பெரிய பாத்தி. ஆளுக்கு ஒரு சின்ன வரிசை, அவரவர் வரிசைக்கு அவரவர் பொறுப்பு.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காததைப் பிள்ளைகள் தினம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒருநாள் காலையில், பிரார்த்தனைக்கு மணி அடிப்பதற்கு முன்னால், ஒரு பையன் பின்பக்கத்திலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. "சார், அவரை மொளச்சிருச்சு. பதினோரு செடி. பதினோரு செடி சார்."

அந்த இடத்தில் கணக்கு சார் அப்படியே நின்றுவிட்டார். அவரவர் தொழிலில் அவரவருக்கு ஒரு தனி வருத்தம் இருக்கும். டிராயிங் சாரிடம் பிள்ளைகள் படத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். விளையாட்டு சாரைக் கண்டாலே ஓடுவார்கள். சயின்ஸ் டீச்சரிடம் செத்த வண்டைக்கூட ஒரு தாளில் வைத்து எடுத்துக்கொண்டு போனதுண்டு. ஆனால் அவர் வேலைக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை ஒரு பிள்ளையாவது ஓர் எண்ணை வாயில் வைத்துக்கொண்டு அவரிடம் ஓடிவந்தது கிடையாது. எண்கள் எல்லாம் கேட்டால்தான் வரும்; அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு, நகத்தைக் கடித்துக்கொண்டு வரும். இப்போது ஓர் எண் மூச்சிரைக்க ஓடிவந்து அவர் முன்னால் நிற்கிறது. "நல்லா எண்ணுனியா?" என்று மட்டும் கேட்டார்.  பையன் மறுபடி எண்ண ஓடினான்.

அதற்கப்புறம் சூப்பைப் பற்றி அவர் கேலியாகப் பேசுவதை விட்டுவிட்டார். இந்தத் தோட்டம் போனால் இந்த ஓட்டமும் போய்விடும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. வண்டி நிறுத்தும் இடத்தில் எதை எண்ணி யார் ஓடிவரப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பை அளவு வகுப்பு ஆக்கினார். வாராவாரம் எல்லாச் செடியையும் அளக்க வேண்டும். அவரிடம் ஒரே ஒரு வேதவாக்கு உண்டு: அளக்காமச் சொல்லாதே. சுமாராக இருக்கும், ஏறக்குறைய இருக்கும் என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால், "சுமார்னா எவ்வளவு? ஏறக்குறையன்னா ஏறவா, குறையவா?" என்று பிடித்துக்கொள்வார். பந்தல் உயரமாக இருந்ததால் அவரையை அளக்கிற கூட்டத்தோடு அவர் நின்றுகொண்டார். முள்ளங்கிப் பக்கத்தை மேனேஜரிடம் விட்டிருந்தார்.

மேனேஜர் என்பது அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர். காதில் பென்சில் செருகியிருப்பாள். இரண்டு சடையிலும் இரண்டு நிறத்தில் ரிப்பன் இருக்கும். கேட்டால் தொலைந்தது ஒன்றுதானே, மற்றதை எதற்குத் தூக்கிப்போட வேண்டும் என்பாள். ஆறு பேரை வைத்து வேலை வாங்கச் சொன்னால் ஆறு பேரும் அழாமல் வேலை முடிந்திருக்கும். வெள்ளிக்கிழமை மணி அடிக்கும் நேரத்துக்கு அவள் மூலை திரும்பி ஓடிவந்து முள்ளங்கி அளவுகளை மனப்பாடமாக ஒப்பிப்பாள். ரெண்டு புள்ளி மூணு, ரெண்டு புள்ளி ஏழு, மூணு புள்ளி ஒண்ணு. இலையின் நீளத்தைப் புள்ளி வைத்துச் சொல்கிற துல்லியத்தைக் கேட்டு அவர் பூரித்துப் போவார். இவளைப் பார்த்துக் கத்துக்கோங்க என்று மற்றவர்களிடம் சொல்லவும் செய்தார்.

வினை என்னவென்றால், திங்கட்கிழமை வந்து பார்த்தால் முள்ளங்கி இலைகள் தலை தொங்கிக் கிடக்கும். புதன்கிழமைவாக்கில் ஒருமாதிரி தேறி எழுந்து உட்காரும். வெள்ளிக்கிழமை பார்க்கச் சகிக்கும்படி இருக்கும். மறு திங்கள் மறுபடி தொங்கும். கணக்கு சாருக்கு மண்டை குடைந்தது. தண்ணீர் போதவில்லை என்று கூட்டினார். தண்ணீர் அதிகம் என்று குறைத்தார். வெயில் என்று நினைத்து, கிழிந்த குடைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து நிழல் கட்டினார். எறும்பு என்று நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்க எறும்பின் பின்னாலேயே போனார். அது சமையலறைச் சர்க்கரை டப்பாவுக்குப் போயிற்று. வீட்டில் இதே பேச்சாக இருந்ததில் மனைவிக்கு அலுத்துவிட்டது. எங்கள் வார்டில் பெரிய டாக்டரே இத்தனை தடவை சுற்றி வருவதில்லை என்றாள். லீவு என்று பெயரெடுத்த பையனோ, அந்தப் பெயருக்குத் தகுந்தபடி, முதல் அளவு வகுப்புக்கு முன்னாலேயே பொன்னுக்கு வீங்கி வந்து படுத்துவிட்டான். அவன் வரிசைக்குத் தண்ணீர் மட்டும் மற்றவர்கள் ஊற்றினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, பந்தல் கயிறு ஒன்று அறுந்து அவரைக்கொடி சரிந்தது. சமையலறையில் சணல் இருக்கும் என்று கணக்கு சார் அந்தப் பக்கம் போனார். மூலை திரும்பியவர் அங்கேயே நின்றார்.

முள்ளங்கிப் பாத்தியைச் சுற்றிப் பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு வாளித் தண்ணீர். மேனேஜர் ஒரு செடியை இலையோடு சேர்த்துப் பிடித்து, பல் டாக்டர் மாதிரி இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டி, அலுங்காமல் உருவினாள். வாளியில் முக்கி மண்ணை அலசினாள். பாவாடை ஓரத்தில் ஒற்றினாள். பக்கத்தில் இருந்தவள் நீட்டிய ஸ்கேல்மேல் அதைப் படுக்கவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்து பார்த்தாள். அளவைச் சொன்னாள். வரிசைக்காரப் பையன் அதைத் திருப்பிச் சொன்னான். பிறகு அதே குழியில் செடியை இறக்கி, மண்ணைத் தள்ளி, கைக்குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். சத்தம் இல்லை, சண்டை இல்லை. பார்க்கப்போனால், அவர் ஆயுளில் கண்ட மிக ஒழுங்கான வகுப்பு அது.

அடப்பாவிகளா என்ற வார்த்தை அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் மேனேஜர் அவரைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடிவந்தாள். கை முழுக்க ஈரம், முகம் முழுக்க வேலையின் பெருமை.

"சார், வேகம் கொறஞ்சிருச்சு சார். போன வாரத்துக்கு இந்த வாரம் ரெண்டு மில்லிமீட்டர்தான் வளந்துருக்கு. ஏன்னுதான் தெரியல."

வந்த வார்த்தையை அவர் விழுங்கினார். "வாராவாரம் இப்படித்தான் அளந்தீங்களா?"

"ஆமா சார். இலைய அளந்தா அது இலையோட அளவுதான? முள்ளங்கி உள்ள இருக்கே." அவர் முகத்தில் எதையோ கண்டு அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்கதான சார் சொன்னீங்க, அளக்காமச் சொல்லக் கூடாதுன்னு."

இதை விடைத்தாளில் எழுதியிருந்தால் முழு மார்க் போட்டிருப்பார். பாத்தியை ஒரு தடவை பார்த்தார். இத்தனை நாளும் தொங்கிய இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அப்போதுதான் அது கண்ணில் பட்டது. மூன்று பக்கமும் நோஞ்சானாக நின்ற செடிகளுக்கு அப்பால், கடைசி ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் இலையைக் கிளப்பிக்கொண்டு, முழங்கை உயரத்துக்கு, பக்கத்து வரிசையில் சாய்கிற அளவுக்கு மதர்த்து நின்றது. அது யாருடையது என்று கேட்டார்.

"லீவோடது சார். அவனோடத அவன் இருந்தாத்தான் அளக்கணும்னு ரூல். அவன் வரவே இல்ல, அதனால நாங்க தொடல." ஆபீஸ் வருத்தத்தோடு சேர்த்துக்கொண்டாள்: "அவன் கணக்கு மட்டும் பாக்கி நிக்குது."

கணக்கு சார் வேட்டி வீணாகிறதே என்று பார்க்காமல் அவர்களோடு குந்திக்கொண்டார். அந்த வரிசையில் ஒன்றே ஒன்றை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். அவனைக் கேட்க வேண்டுமே என்றாள். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார். மேனேஜர் எப்போதும்போல் ஒரு கையால் ஆட்டினாள், வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்தாள். பின்னால் சாய்ந்து இழுத்ததும் பொத்தென்று உட்கார்ந்தாள், மடியில் முள்ளங்கி. வெள்ளையாக, தடியாக, மண்ணைக்கூடக் கழுவத் தேவையில்லாத வழவழப்போடு. ஸ்கேல் பிடித்திருந்த பெண் பழக்கதோஷத்தில் நீட்டினாள். ஸ்கேலின் அந்த முனைக்கு அது தொட்டும் தொடாமலும் போயிற்று. யாரும் எண்ணைச் சொல்லவில்லை.

"அவன் ஒண்ணுமே பண்ணலியேடீ" என்றான் ஒருவன்.

மேனேஜர் வாளியைப் பார்த்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள். ஒரு கணக்கு உள்ளே உடைந்து வேறொரு விடையாகச் சேர்கிற முகத்தை அவர் வகுப்பில் பலமுறை பார்த்திருக்கிறார்; இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"நாங்கதான் சாகடிச்சமா சார்?"

ஆமாம் என்றால் உண்மை. அந்த உண்மையைச் சொல்லிவிட்டால் இனி எந்த எண்ணும் எந்த மூலையிலிருந்தும் அவரை நோக்கி ஓடிவராது. இல்லை என்றால் பொய். இந்தப் பெண் பொய்யைக் கண்ணை மூடிக்கொண்டே அளந்துவிடுவாள். அவர் நோஞ்சான் செடி ஒன்றின் இலையை விரலால் நிமிர்த்தினார். அது மறுபடி சாய்ந்தது.

"சாகல. பாரு, எல்லாம் உசுரோடதான் இருக்கு. தூங்கறவங்கள எழுப்பி எழுப்பித் தூக்கம் வந்துச்சான்னு கேட்டுட்டோம். கேக்கச் சொன்னது நான்."

அவள் மூக்கு சிவந்தது. அழவில்லை. வாளித் தண்ணீரை எடுத்துப்போய் அவரைப் பந்தலுக்கு ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து நின்றாள்.

தலைமையாசிரியையிடம் அவர் அன்றைக்கே போய்ச் சொன்னார், முள்ளங்கி போய்விட்டது, மறுபடி விதைக்க வேண்டும், லோடைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று. நடந்ததைக் கேட்டபோது தலைமையாசிரியை வாயில் கையை வைத்து மறைத்துக்கொண்டார், சிரிப்புதான். ஆனால் தேதியில் அசைந்துகொடுக்கவில்லை. லாரிக்காரர் ஒரு தேதி கொடுத்தால் கொடுத்ததுதான், அவரிடம் முள்ளங்கிக் கதையெல்லாம் எடுபடாது என்றார். விதைக்கடைக்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, சீக்கிரம் விளைகிற ரகம் ஒன்று இருக்கிறது, வந்தால் லோடுக்கு முன்னால் வரும், ஆனால் அவசரப்படுத்தினால் வராது என்று சொல்லிக் கொடுத்தார்.

வீட்டில் மனைவி இந்த முறை சிரிக்கவில்லை. ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அவரைப் பார்க்காமல் சொன்னாள். "கல்யாணமான புதுசுல நீங்களும் அப்படித்தான். டெய்லி ஸ்கூல் முடிஞ்சு வந்ததும், சந்தோஷமா இருக்கியா, நேத்தவிட இன்னைக்குப் பரவால்லையான்னு கேப்பீங்க. எனக்குப் பயமா வரும். என்னமோ நான் பரீட்சை எழுதற மாதிரி."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்கறத விட்டீங்க. நான் பாட்டுக்கு இருந்துட்டேன்." துணியின் மறுமுனையை அவரிடம் நீட்டினாள். "பிடிங்க. நேரா இழுங்க, அளக்க வேண்டாம்."

மறு திங்கட்கிழமை புதுப் பாத்தி போட்டு விதைத்தார்கள். நோஞ்சான்களைப் பிடுங்கி எறியப் பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. அவை அதே இடத்தில், யாரும் தொடாமல், இருந்துவிட்டுப் போகட்டும் என்று தீர்மானம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை அளவு வகுப்பில் அவரையும் தக்காளியும் வழக்கம்போல் அளக்கப்பட்டன. முள்ளங்கி முறை வந்ததும் பிள்ளைகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கணக்கு சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இன்றிலிருந்து இந்தப் பாத்திக்கு மட்டும் அளக்காமல் சொல்லலாம் என்றார். சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது, சட்டையில்லாமல் வாசலுக்கு வந்துவிட்ட மாதிரி. மேலே தெரிகிற இலையை வைத்து, மண் விரிந்திருக்கிற விதத்தை வைத்து, உள்ளே எவ்வளவு இருக்கும் என்று ஆளுக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். சொன்னதை அவரவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிடுங்குகிற அன்றைக்குத்தான் ஸ்கேல் வரும்.

முதலில் யாருக்கும் வாய் வரவில்லை. இத்தனை வருஷம் அடைத்து வைத்த கதவு அது. பிறகு ஒருவன் மூணு என்றான். இன்னொருத்தி முப்பது என்றாள். அடுத்த வாரங்களில் எண்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்திக்கு வந்தன. எதை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்டால் காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள்: காம்பு தடித்திருக்கிறது, பக்கத்துச் செடி நெருக்குகிறது, மேலே ஒரு வெள்ளைத் தோள் எட்டிப் பார்க்கிறது. கன்னம் வற்றித் திரும்பி வந்த லீவு, ஒன்றும் செய்யாமலே ஜெயித்தவன் என்ற மிதப்பில் எல்லோருக்கும் புத்திமதி சொல்லிக்கொண்டு திரிந்தான். செடிக்கும் அப்பப்ப லீவு விடணும்டா என்றான். இரண்டு நாளைக்குத்தான் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கையில் கொடுத்துக் கீரைப் பாத்திக்கு அனுப்பினாள் மேனேஜர்.

பிள்ளைகள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் போனது கணக்கு சாருக்குத்தான். லோடு தேதி நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறும் இலையாக இருந்துவிட்டால்? அன்றைக்குப் போய் அத்தனை பேர் முன்னாலும் பிடுங்கிப் பார்த்து, இந்தப் பிள்ளைகள் இரண்டாம் தடவையும் தோற்பதைப் பார்க்க வேண்டுமா? ஒருநாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கை கழுவப் போன நேரம், அவர் மட்டும் மெல்லப் பின்பக்கம் வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குனிந்து ஒரு செடியின் கழுத்தோரம் ஆள்காட்டி விரலால் மண்ணைக் கொஞ்சம், ஒரு பொட்டளவு, விலக்கினார்.

"சார்."

நிமிர்ந்தார். சமையலறை மூலையில் மேனேஜர் நின்றிருந்தாள், ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையால் சாப்பாட்டுத் தட்டை நெஞ்சோடு அணைத்து.

"கைய எடுங்க சார்."

எடுத்தார். விலக்கிய மண்ணைத் திரும்பத் தள்ளி மூடினார். இனிமேல் செய்ய மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை, ஆனால் அவருடைய முகம் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். அவள் கொஞ்சம் இரக்கப்பட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். பாத்தியை ஒரு சுற்றுப் பார்த்தாள். "இருக்கும் சார்" என்றாள். எவ்வளவு என்று அவரும் கேட்கவில்லை.

லோடு வருகிற நாளுக்கு முந்தின நாள் பிடுங்கினார்கள். வரிசைக்காரர் ஒவ்வொருவரும் முதலில் தன் எண்ணை உரக்கச் சொல்லிவிட்டுப் பிறகு இழுக்க வேண்டும். வாழ்நாளில் கணக்கு வகுப்பில் கேட்காத கூச்சலும் சிரிப்பும் பின்பக்கத்திலிருந்து வந்ததில் மற்ற வகுப்புகள் ஜன்னலுக்கு வந்துவிட்டன. உள்ளே இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி இல்லை, கொழுத்ததும் ஒல்லியானதுமாக, ஆனால் இருந்தது. பாதிப்பேர் சொன்ன எண்ணுக்கும் வந்த எண்ணுக்கும் விரற்கடைதான் வித்தியாசம். கடைசியில் நோஞ்சான்களையும் எடுத்தார்கள். திரும்பத் திரும்பப் பிடுங்கி நட்டதில் அவை நேராக இறங்கப் பயந்து இரண்டாகவும் மூன்றாகவும் பிரிந்து, காலை அகட்டி நிற்கிற குட்டி மனிதர்கள் மாதிரி இருந்தன. பேண்ட் போட்ட முள்ளங்கி என்று பெயர் வைத்து ஆளாளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

சமையலக்கா குவியலைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினாள். அவரையும் தக்காளியும் கீரையும் சேர்த்தாலும் இத்தனை தலைக்கு இது இழுபறிதான் என்றாள். கணக்கு சார் ஒரு டம்ளருக்கு எத்தனை மில்லி, ஒரு கிலோவுக்கு எத்தனை டம்ளர் என்று ஆரம்பித்தார்.

"சார், தண்ணி ஊத்தற வேலைய எங்கிட்ட விடுங்க" என்றாள் அக்கா. பிறகு பிள்ளைகள் பக்கம் கையை நீட்டினாள். "பேண்ட்டு சட்டை எல்லாத்தையும் கொண்டாங்க. வெட்டுனா எல்லாம் ஒண்ணுதான்."

மறுநாள் மதியம், பெரிய அண்டாவிலிருந்து ஆவி பறக்கச் சூப் ஊற்றிக்கொண்டிருந்தபோது லாரி வந்தது. சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி வந்துவிட்டது என்றாலும் தேதி சரிதான். ஹாரன் சத்தத்தில் வரிசை கலைந்தது. ஓட்டுநர் இறங்கி, கல்லைப் பின்னால்தானே இறக்க வேண்டும், பிள்ளைகளைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லுங்கள் என்று தலைமையாசிரியையிடம் கேட்டார். கணக்கு சார் கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையின் வால் இன்னும் நீளமாக இருந்தது. அண்டாவுக்குள் எட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

தலைமையாசிரியை லாரியைப் பார்த்தார். பின்பக்கம் போகிற வழியெல்லாம் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். "இப்போ அந்தப் பக்கம் போக முடியாதுங்க. சாப்பிடறாங்க" என்றார். "இங்கயே, கேட்டோரமா இறக்கிருங்க."

அப்புறம் யார் உள்ளே எடுத்துப் போவது என்று ஓட்டுநர் கேட்டார். அது அப்புறம்தானே என்றார் தலைமையாசிரியை.

கல் இறங்கியது. தூசி அடங்கியது. இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் அந்தக் குவியலின்மேல், படிக்கட்டில் உட்காருகிற மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். வரிசையில் கடைசி ஆளாக வந்த தலைமையாசிரியைக்கு அக்கா அண்டாவைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினாள். முக்கால் டம்ளர் வந்தது. அவர் அதை வாங்கிக்கொண்டு, உட்கார நாற்காலி ஏதும் இல்லாததால், புடவையை ஒருகையால் ஒதுக்கிக் கல்மேல் உட்கார்ந்தார். ஊதினார். ஒரு வாய் குடித்தார். அடியில் கிடந்த துண்டு ஒன்றைப் பல்லில் கடித்து நிதானமாக மென்றார். கொஞ்ச தூரத்தில் நின்ற கணக்கு சார் அவர் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் நின்றார்.

மேனேஜர் தன் டம்ளரை இரண்டு கையாலும் தளும்பாமல் பிடித்துக்கொண்டு கல் குவியலுக்கு வந்தாள். உட்கார இடம் தேடினாள். இல்லை.

"டீச்சர், கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தலைமையாசிரியை மென்றுகொண்டே நகர்ந்து இடம்விட்டார்.